தகரமும் தாம்பாளமும்: ஏமன் யூதக் கல்யாணங்களில் பெண்கள் கட்டிய பாட்டு

ஏமன் நாட்டுச் சனா நகரத்து மதிலுக்கு வெளியே, மேற்குப் பக்கம், யூதர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. காஅ அல்-யஹூத் என்பார்கள். 1679-80-இல் ஏமன் யூதர்களை மவ்ஸா என்ற பாலைவனப் பகுதிக்குத் துரத்தினார்கள். பிழைத்துத் திரும்பியவர்களைப் பழைய வீடுகளுக்குள் விடவில்லை. அவர்கள் மதிலுக்கு வெளியே கட்டிக்கொண்ட குடியிருப்பு இது. முஸ்லிம்களின் வீட்டைவிட உயரமாகக் கட்டக் கூடாது என்பது விதி. அதனால் தாழ்ந்த வீடுகள், நெருக்கமான அறைகள். இப்படிப்பட்ட வீட்டில் கல்யாணம் வந்தால் ஒரே கூரையின் கீழ் இரண்டு கச்சேரி நடக்கும். ஆண்கள் அறையில் புத்தகம் விரிந்திருக்கும்; எபிரேயமும் அரமேயமும் அரபும் கலந்த பாடல்களை, எழுதி வைத்த வரி மாறாமல் பாடுவார்கள். பெண்கள் அறையில் புத்தகமே கிடையாது. அங்கே ஒருத்தி தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு, அன்றைய மணப்பெண்ணுக்கு அன்றைக்கே பாட்டுக் கட்டுவாள். மொழி முழுக்க அரபு.

யூத இசை பற்றிப் பேசும்போது பெரும்பாலும் முதல் அறையைப் பற்றித்தான் பேசுவார்கள். காரணம் எளிது, அதற்கு ஏடு இருக்கிறது. ஆனால் கவிதை என்ற அளவில் பார்த்தால் இரண்டாவது அறையில் நடந்ததுதான் அதிகத் துணிச்சலானது என்பது என் எண்ணம்.

முதலில் மொழி. அரபு நாடுகளில் வாழ்ந்த யூதர்கள் வீட்டிலும் கடையிலும் பேசியது அரபுதான். எழுதும்போது மட்டும் அதை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். நம் ஊர் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பேச்சில் சில எபிரேயச் சொற்கள் கலக்கும், உச்சரிப்பு சற்று மாறும், மற்றபடி அரபுதான். இதைத்தான் யூத அரபு என்கிறார்கள். சாதாரண மொழி அல்ல இது. எகிப்தில் இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் 1172 வாக்கில் ஏமன் யூதர்களுக்கு ஆறுதல் சொல்லி எழுதிய புகழ்பெற்ற மடல் யூத அரபில் எழுதப்பட்டதே. அதே நூற்றாண்டில் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் இருந்த யூத வணிகர்கள் மங்களூரில் தங்கியிருந்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற வணிகருக்கு மிளகு, பாக்கு, இரும்பு, பித்தளைப் பாத்திரக் கணக்கெல்லாம் எழுதியதும் இந்த மொழியில்தான். அந்தக் கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்துக் காகிதக் குவியலில் கிடைத்தன.

ஆக, தத்துவம், வியாபாரம், கடிதம், கவிதை என எல்லாவற்றுக்கும் யூத அரபில் எழுத்து உண்டு. பெண்களின் பாட்டுக்குத்தான் இல்லை. ஏமனில் யூதச் சிறுவன் மூன்று நான்கு வயதிலேயே படிக்கப் போய்விடுவான். புத்தகம் குறைவு. ஒரே புத்தகத்தைச் சுற்றி நாலு பக்கமும் பிள்ளைகள் உட்கார்வதால், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் படிக்கப் பழகிவிடுவார்கள் என்பது ஏமன் யூதர்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. அந்தப் பக்கங்களில் ஒன்றில்கூடப் பெண் பிள்ளைக்கு இடம் கிடையாது. எபிரேயம் அவளுக்குக் காதில் விழும் சத்தம். அர்த்தம் புரிவது அரபில்தான்.

ஆண்கள் பக்கத்துப் பாட்டையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், அது தெரிந்தால்தான் வேறுபாடு விளங்கும். அவர்களுடைய தொகுப்புக்குத் திவான் என்று பெயர். அதன் நாயகன் ஷாலோம் ஷபாஸி. 1619-இல் பிறந்தவர், நெசவு செய்து பிழைத்தவர், நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுதியவர். தாயிஸ் நகரில் உள்ள அவருடைய சமாதிக்கு யூதர்கள் மட்டுமல்ல, நோய் தீர வேண்டும் என்று முஸ்லிம்களும் போவார்கள். அவர் பாடல்களில் ஒரு வரி எபிரேயம், அடுத்தது அரபு என்று மாறி மாறி வரும். வடிவம் ஏமன் முஸ்லிம் கவிஞர்கள் வளர்த்த ஹுமைனி என்ற பேச்சுவழக்குக் கவிதையோடு நெருங்கிய உறவுடையது. முஸ்லிம் கவிஞர் மான்விழியாள் என்று காதலியைப் பாடினால், ஷபாஸி பாட்டில் அதே மான் இறைவனின் இருப்பாகவோ இஸ்ரவேலர் சமூகமாகவோ மாறிவிடும்.

கல்யாணத்தில் இந்தப் பாடல்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நஷீத்: மெதுவானது, ஆட்டம் கிடையாது. அடுத்து ஷீரா: இதற்குத்தான் ஆட்டம். பாடுகிறவர்கள் இருவர், நடுவில் ஆடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் கைதட்டிப் பதில் பாடுவார்கள். அறை சின்னது என்பதால் ஆட்டமும் பக்கவாட்டில் விரியாமல், முழங்காலை மடித்து மேலும் கீழும் துள்ளுவதாக அமைந்துவிட்டது. கடைசியில் ஹல்லேல் என்ற வாழ்த்து. நேர்த்தியான கட்டமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் மாப்பிள்ளை யாராக இருந்தாலும் பாட்டு அதேதான்.

பெண்கள் அறையில் பாட்டு ஆளுக்கு ஆள் மாறும். அதை நடத்துகிறவள் ஊரறிந்த பாட்டுக்காரி. பெரும்பாலும் வயதானவள் அல்லது நடுவயதுக்காரி, பல கல்யாணங்களைப் பார்த்தவள். அவளுக்குத் துணையாக இன்னொருத்தி. ஒருத்தி கையில் செம்புத் தாம்பாளம், மற்றவள் கையில் சின்ன மேளம், அதுவும் இல்லையென்றால் தகர டப்பா.

இந்தத் தகர டப்பாவுக்குப் பின்னால் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட துக்கத்துக்காக இசைக் கருவிகளைத் தொடக் கூடாது என்பது ரபிகள் எனும் யூத மதகுருக்களின் விதி. பல நாட்டு யூதர்கள் கல்யாணத்துக்கு மட்டும் இதைத் தளர்த்திக்கொண்டார்கள். மைமோனிடிஸ் சொல்லே சட்டம் என்று வாழ்ந்த ஏமன்காரர்கள் கறாராக இருந்தார்கள். போதாக்குறைக்கு, ஆட்சியில் இருந்த, ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான ஸைதி இமாம்களுக்கும் இசை என்றால் ஆகாது. சரி, ஊத் என்ற நரம்பு வாத்தியம் வேண்டாம், குழல் வேண்டாம். ஆனால் தாம்பாளம் சமையலறைச் சாமான், தகரம் எண்ணெய் டப்பா. அதைத் தட்டினால் யார் என்ன சொல்ல முடியும்? விதியை மீறாமல் விதியைத் தாண்டும் இந்தச் சாமர்த்தியத்தால் ஏமன் யூத இசைக்கு ஒரு தனி ஒலியே பிறந்துவிட்டது. பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் சகல கருவிகளும் கிடைத்தபோதும் பாடகர்கள் தகரத்தைத் தேடிப் போனார்கள்.

பாட்டுக் கட்டும் முறைக்கு வருவோம். நின்ற இடத்தில் கவிதை சொல்வது என்றால் வெறும் காற்றிலிருந்து பிடிப்பதல்ல. பாட்டுக்காரியின் நினைவில் நூற்றுக்கணக்கான குறுஞ்செய்யுள்கள் இருக்கும். மூன்று நான்கு வரி, கடைசியில் ஓசை ஒத்து முடியும் துண்டுகள். தொடங்குவதற்கென்று சில, பெண்ணை வர்ணிப்பதற்கென்று சில, அழவைப்பதற்கென்று சில. இவற்றைக் கோத்து, நடுவில் அன்றைய பெயர்களையும் அன்றைய செய்தியையும் செருகி, தேவையான இடத்தில் புது வரி போட்டுக்கொண்டே போவாள். அவள் ஒரு வரி பாடியதும் துணைப் பாடகியும் கூட்டமும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். கேட்பவருக்கு அது பின்பாட்டு. பாட்டுக்காரிக்கோ அடுத்த வரியை யோசிக்கக் கிடைக்கும் மூச்சு நேரம்.

அரபு மொழியின் அமைப்பும் அவளுக்குக் கை கொடுத்தது. 'உன்' என்பது அங்கே சொல்லின் கடைசியில் ஒட்டும். உன் வீடு பைத்தக், உன் நெஞ்சு கல்பக், உன் அம்மா உம்மக். யாரையாவது முன்னிலைப்படுத்திப் பாட ஆரம்பித்துவிட்டால் இயைபு தானாக வந்து விழும். கல்யாணப் பாட்டு என்பதே யாரையாவது பார்த்துப் பாடுவதுதானே! மாப்பிள்ளையின் தாயைப் பார்த்து, பெண்ணின் தகப்பனைக் குறித்து, காசு போட்ட அத்தையை நோக்கி. கை தாராளமாக நீண்டால் புகழ் வரியும் நீளும். இறுக்கி மூடிய பைக்கும் ஒரு வரி காத்திருக்கும்.

பயிற்சிக் கூடம் என்று தனியாக எதுவும் இல்லை. விடியலுக்கு முன்னால் திரிகையில் தானியம் அரைக்கும்போது பெண்கள் பாடுவார்கள். அங்கேதான் சிறுமிகள் செய்யுள்களைக் காதில் வாங்குவார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்க நாற்பது நாளும் பெண்கள் கூடுவார்கள், அங்கேயும் பாட்டு. சாவு வீட்டிலும் பாட்டு. கல்யாணத்தில் பாடுகிறவளே பிரசவ வீட்டிலும் சாவு வீட்டிலும் முன்னே நிற்பாள். ஆகவே மணப்பெண் விடைபெறும் பாட்டுக்கும் இறந்தவருக்குப் பாடும் பாட்டுக்கும் இடையே மெட்டிலும் சொல்லிலும் தூரம் அதிகமில்லை.

அந்தச் சோகம் சடங்குக்காக வரவழைத்தது மட்டுமல்ல. மணப்பெண் பல நேரம் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி. அதற்குக் குறைந்த வயதிலும் கல்யாணம் நடந்திருக்கிறது. இதற்கு ஏழ்மையும் வழக்கமும் மட்டும் காரணமல்ல. தகப்பன் இல்லாத யூதக் குழந்தையை அரசு எடுத்து முஸ்லிமாக வளர்க்க வேண்டும் என்ற பழைய ஸைதிச் சட்டத்தை 1920-களில் இமாம் யஹ்யாவின் ஆட்சி மறுபடி கையில் எடுத்தது. கல்யாணம் ஆகிவிட்டால் வளர்ந்த ஆள் என்று கணக்கு, பிள்ளை தப்பிக்கும். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சிலர் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே முந்திக்கொண்டார்கள்.

இதையெல்லாம் திவானில் தேடினால் கிடைக்காது. பெண்கள் பாட்டில் கிடைக்கும். கேட்காமல் கொள்ளாமல் கொடுத்துவிட்ட தகப்பன் மேல் கோபம், தூரத்து ஊர், மாமியார் வீட்டு அடுப்படி, வேலைக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத கணவன். ஐரோப்பிய யூதர்களுக்குப் பலதார மணம் மத்திய காலத்திலேயே தடையாகிவிட்டது. அந்தத் தடையை ஏமன் ஏற்கவில்லை. ஆக, சக்களத்தியும் பாட்டுக்கு வந்தாள். காதலும் வந்தது, திவானின் மறைபொருள் காதல் அல்ல, எதிர் மாடி ஜன்னலில் தெரிந்த ஒருவன்மேல் வரும் காதல். இவற்றை ஒரு பெண் தன் குரலில் வீட்டில் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். கல்யாண இரவில், தாம்பாளத்தின் தாளத்தில், பாட்டுக்காரி வாயால் வரும்போது யாருக்கும் யார் மேலும் வழக்கில்லை. பெண் குரலை அந்நிய ஆண் கேட்கக் கூடாது என்ற மத விதி அவர்களைத் தனி அறைக்குள் அடைத்தது உண்மை. அந்த அறையில் கண்காணிக்க ஆண் இல்லை என்பதும் உண்மை.

ஒரு விஷயத்தில் ஆண்கள்தான் அதிகம் அடைபட்டிருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். திவானின் எபிரேய வரிகள் யூதருக்கு வெளியே யாருக்கும் புரியாது. பெண்களின் பாட்டோ பக்கத்துத் தெரு முஸ்லிம் பெண்ணுக்குச் சொல்லுக்குச் சொல் புரியும். கிராமங்களில் ஒரே செய்யுள் இரு தரப்பிலும் வழங்கியதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று பிரிப்பது வீண் வேலை.

பாக்தாத் யூதர்களிடம் இதே கலை வேறு உருவம் எடுத்தது. அங்கே அது தொழில். தக்காகாத் என்றால் தட்டுகிறவர்கள். மேளமும் தப்பும் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் குழுவாகக் கல்யாணத்துக்கும் அதற்கு முந்தைய மருதாணி இரவுக்கும் கூலிக்கு வருவார்கள். பாட்டு பாக்தாத் யூதர்களுக்கே உரிய அரபில் இருக்கும். அது அந்நகர முஸ்லிம்களின் பேச்சிலிருந்து நன்றாகவே வேறுபட்டது. ஏமன் பாட்டைவிட இதில் கிண்டல் தூக்கல். அங்கே மிகவும் பிரபலமான ஒரு பாட்டில் மாமியார் மருமகளைப் 'பாராட்டுவாள்': கெட்டிக்காரியடி நீ, பாடுபட்டு வளர்த்தது நான், ஆயத்தமாக இருந்தவனைக் கொத்திக்கொண்டு போனது நீ என்று. இதைக் கேட்டு இரண்டு வீட்டுக்காரர்களும் சிரிக்க வேண்டும், அதுதான் தக்காகாத்தின் திறமை. அதே பாக்தாதில் மேடைக் கச்சேரியும் யூதர்கள் கையில்தான் இருந்தது. 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக் அனுப்பிய குழுவில் முதன்மைப் பாடகர் முகமது அல்-குப்பாஞ்சி முஸ்லிம். வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் யூதர். அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், தக்காகாத்துக்குக் கிடைத்தது ஒரு மூலை.

கிழக்கு ஐரோப்பாவில் இந்த வேலையைச் செய்தவர் ஆண். பத்கன் என்று பெயர். மணப்பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, அங்கத்து யூதர்களின் இத்திஷ் மொழியில் எதுகையோடு பேசி அவளை அழவைப்பார், அப்புறம் விருந்தில் எல்லோரையும் கேலி செய்து சிரிக்கவைப்பார். வில்னா நகரத்து எலியாகும் சுன்சர் போன்ற பத்கன்கள் தங்கள் பாடல்களை அச்சிலேயே கொண்டுவந்தார்கள். எழுதத் தெரிந்தவர் செய்தால் கலைஞரின் பெயர் நிலைக்கிறது. சனா பாட்டுக்காரிகளில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

1948-இல் இமாம் யஹ்யா கொல்லப்பட்டார். அடுத்து வந்த இமாம் அஹ்மத் யூதர்கள் வெளியேற அனுமதித்தார். 1949-50-இல் ஏடனிலிருந்து விமானங்களில் சுமார் 49,000 பேர் இஸ்ரேலுக்குப் போனார்கள். அதற்கு அடுத்து ஈராக்கிலிருந்து 1,20,000 பேருக்கு மேல். ஏமனில் இன்று யூதர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே மிச்சம்.

புது நாட்டில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், எபிரேயம் படித்தார்கள், தாங்களே கணவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்லதுதான், இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுக் கட்டுவதற்கு அடிப்படையே கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஒவ்வொரு குத்தலும் புரிவது. பேத்திக்கு அரபு தெரியாது. தெரிந்தாலும் எதிரி நாட்டு மொழி என்று வெளியில் பேசக் கூச்சம். மாப்பிள்ளை வீட்டார் போலந்துக்காரர்களாகவோ மொராக்கோக்காரர்களாகவோ இருப்பார்கள். புரியாத கூட்டத்துக்கு முன்னால் புது வரி போட்டு என்ன பயன்? பழைய பாட்டு நின்றது, புதிதாகக் கட்டுவது நின்றுபோனது.

சேகரித்தவர்களும் தாமதமாகத்தான் வந்தார்கள். யூத இசை ஆய்வின் முன்னோடி இடெல்சோன் 1914-இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் பகுதியே ஏமன் யூதர்களின் இசைதான். ஆனால் அது ஆண்களின் உலகம். 1930-களில் ஏமன்காரர்களின் பேச்சையும் பழமொழிகளையும் கேட்டுத் தொகுத்தவர் ஆய்வாளர் கொய்ட்டைன். ஏடன் வணிகர்களின் இந்தியக் கடிதங்களை உலகுக்குப் படித்துக் காட்டியவரும் அவரே. பெண்களின் பாட்டுக்கென்றே பெரிய தொகுப்பு 1970-களில்தான் வந்தது. ஏமனில் பிறந்த நிசிம் பென்யமின் கம்லியேலி அதைச் செய்தார். அச்சில் வந்தவுடன் ஒரு தொல்லையும் வந்தது. ஒரே பாட்டுக்காரியை இரண்டு முறை பாடச் சொன்னால் இரண்டு பாட்டு வரும். எதை அச்சிடுவது? தொகுப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தது 'மூலம்' ஆகிவிடும். அப்படி ஒரு மூலம் எந்தக் கல்யாணத்திலும் இருந்ததில்லை.

பிரபலமும் முதலில் ஆண்கள் அறைக்கே போனது. டெல் அவிவின் ஏழைப் பகுதியில் ஏமன் குடும்பத்தில் பிறந்த ஓஃப்ரா ஹாஸா 1984-இல் ஏமன் பாடல்களைத் தனித் தொகுப்பாகப் பாடினார். தகரமும் தாம்பாளமும் அதில் கேட்கும். அதிலிருந்த ஷபாஸி பாட்டு நடன இசையாக மாற்றப்பட்டு 1988-இல் மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 17-ஆம் நூற்றாண்டு நெசவாளியின் பக்திப் பாட்டுக்கு ஐரோப்பிய நடன விடுதிகளில் ஆடினார்கள். பாடிய குரல் பெண்ணுடையது, பாட்டு ஆண்களுடையது.

பெண்கள் அறையின் முறை வர 2015 ஆனது. தென் இஸ்ரேலின் பாலைவனக் கிராமம் ஒன்றில் வளர்ந்த மூன்று சகோதரிகள் ஆ-வா என்ற பெயரில், ஏமன் பெண்கள் வாய்மொழியாகப் பாடி வந்த பாடல்களை ஹிப்ஹாப் தாளத்தோடு வெளியிட்டார்கள். முழுக்க முழுக்க ஏமன் அரபு. இஸ்ரேல் வானொலிகளில் ஓடியது, ஏமனிலும் இணையம் வழியாகக் கேட்டார்கள். அவர்களுக்குப் பாடல்கள் கிடைத்த வழிதான் வேடிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் அவற்றை ஒலிநாடாவில் பாடி வைத்திருந்தவர் ஓர் ஆண் பாடகர். பெண்கள் எழுத முடியாததை ஆண் பதிந்து, அதைக் கேட்டுப் பெண்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே மருதாணி இரவு இஸ்ரேலில் நல்ல வியாபாரமாகிவிட்டது. முத்தும் பவளமும் பூவும் அடுக்கிய சனா நகரத்துக் கூம்புத் தலையணியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சனாவிலும் அதெல்லாம் இரவலோ வாடகையோதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்கு ஊர் வேறாக இருந்த அலங்காரம் எல்லாம் மறைந்து, ஏமன் மணப்பெண் என்றால் இந்த ஒரே கோலம் என்றாகிவிட்டது. பாட்டுக்கும் அதே கதி: நாலைந்து தெரிந்த பாட்டு, ஒலிபெருக்கி, ஆட்டம்.

புதிதாகக் கட்டுவது நின்றுபோனது என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. 2019-இல் அதே மூன்று சகோதரிகள் பழைய பாட்டை எடுக்காமல், ஏமன் அரபில் தாங்களே எழுதிய பாடல்களை வெளியிட்டார்கள். 1949-இல் இஸ்ரேலுக்கு வந்த தங்கள் கொள்ளுப்பாட்டியின் கதை அது. அதில் ஒரு பாட்டு கேள்வியும் பதிலுமாகப் போகிறது: எங்கே வீடு போடுவேன் என்று வந்தவள் கேட்கிறாள், இப்போதைக்குக் கூடாரம் இருக்கிறது என்று பதில் வருகிறது. நின்ற இடத்தில் கட்டியதல்ல, உட்கார்ந்து எழுதியது. அந்தக் கொள்ளுப்பாட்டிக்கு முன்னால் பாடியிருந்தால் அகராதி இல்லாமல் புரிந்திருக்கும்.